கழற்றும் வரிசை

மார்ச் 3, செவ்வாய்

பெட்டி இன்று மறுபடியும் உறைந்தது. திரை அப்படியே நின்றுவிட்டது. பட்டறையில் சோதிக்க வைத்திருக்கும் உருளை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. தடுப்புக் கம்பியைத் தட்டினேன். நிற்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். நிற்கவில்லை. சுவர்ப் பக்கம் ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அடித்து மின்சாரத்தையே நிறுத்தினேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் "சரி சரி" என்பதால் பட்டறையில் அவருக்குச் சரிசரி என்றுதான் பெயர். "என்ன பாப்பா, உடைச்சிட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அங்கேயே வேலை செய்யும் என் சொந்த அக்கா சிரிக்கவில்லை. தன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் எதையும் உடைக்கவில்லை. இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதி என்ன பிரயோஜனம்?

மார்ச் 4, புதன்

ஒருவேளை நான்தான் தப்பாகச் செய்கிறேனோ? செய்வதை அப்படியே எழுதிப் பார்க்கிறேன்.

லாண்டரியில் ஈரத் துணியைத் தேய்க்கிற பெரிய சூட்டு உருளை. துணியை உள்ளே நீட்டிவிடும் இடத்தில் குறுக்கே ஒரு கம்பி. கை அதில் பட்டால் உருளை நிற்க வேண்டும். நிறுத்துவது எங்கள் பெட்டி. பெட்டிக்குள் சின்னக் கம்ப்யூட்டர், அதில் இரண்டு கார்டு. ஒன்று கம்பியைக் கவனிக்கும். இன்னொன்று எத்தனை துணி போனது என்று எண்ணும். ஷிஃப்ட் மாறும்போது திரையில் ஒரு பட்டனை அழுத்தினால், எண்ணும் கார்டின் டிரைவரை, அதாவது அந்தக் கார்டை இயக்கும் புரோகிராமை, கழற்றிவிட்டு உடனே மறுபடி ஏற்றும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அது அக்காவின் குறுக்குவழி. டிரைவர் எல்லாம் அக்கா எழுதியவைதான்.

சோதிப்பது நான். வலது கட்டைவிரல் ஷிஃப்ட் பட்டனில், இடது கை கம்பியில். இரண்டையும் மாற்றி மாற்றித் தாளம் போடுவதுபோலத் தட்டிக்கொண்டே இருப்பேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகச் செய்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, அதனால் பழகிவிட்டது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஸ்டிக்கர் சுருள் என் பையில்தான் இருக்கும். அது ஒட்டாமல் எந்தப் பெட்டியும் வெளியே போகாது.

எழுதியாயிற்று. இதில் எங்கே தப்பு?

மார்ச் 6, வெள்ளி

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

லாண்டரி மேனேஜர் வந்திருந்தார். அம்மா வேலை செய்யும் லாண்டரி. முதல் பெட்டி அங்கேதான் போகப்போகிறது. ஓட்டிக் காட்டச் சொன்னார் சரிசரி. எப்போதும்போல இரண்டு கையாலும் தட்டினேன். உறைந்தது.

"என்ன சார் இது?" என்றார் மேனேஜர்.

அக்கா முன்னால் வந்தாள். "மெஷின்ல ஒண்ணுமில்ல சார். இவளுக்குக் கை பதமில்ல. கம்பியப் போட்டு அடிக்கிறா, உள்ள எதாவது லூஸாயிடுது."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் கம்பியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். கைக்குழந்தையின் கையை வைப்பதுபோல. பிறகு அவளே பட்டனை அழுத்தினாள், கம்பியைத் தொடாமல். ஓடியது. கம்பியைத் தொட்டாள், பட்டனை அழுத்தாமல். நின்றது.

"சரி சரி," என்றார் சரிசரி. "சின்னப் பொண்ணு சார், கத்துக்குது."

முகம் சுட்டது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும்போது இப்படித்தான் சுடும். வாய் திறக்காது. எல்லாரும் காத்திருப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்போது அக்காதான் அம்மாவிடம், "இவ வாயே திறக்க வேணாம்மா. எங்க பட்டறையில கையால செய்ற வேலை இருக்கு" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள்.

கையால செய்ற வேலை. இப்ப அந்தக் கையும் சரியில்லையாம்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கம்பியைத் தொடுவாய்?

"அதெல்லாம் யாருடி எண்ணுவா? துணி மடங்கி வரும், விரலால நீவி விடணும், அப்ப படும். ஈரம் கனத்து இழுக்கும், அப்ப படும். பக்கத்துல இருக்கிறவகிட்ட கதை பேசத் திரும்பினா முழங்கை படும்."

"ஷிஃப்ட் மாறும்போது?"

"அப்பதான் ரொம்ப. இவ விலக, அவ நுழைய, ஒரே தள்ளுமுள்ளு. ஷிஃப்ட் மாறுதுன்னு உருளைய அணைச்சு வெக்கவா போறாங்க?"

அங்கேயும் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். தூணில். உருளைக்கு முன்னால் நிற்கிறவளுக்கு எட்டாது.

"எம்பொண்ணு செஞ்ச பெட்டி வரப்போவுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்," என்றாள் அம்மா.

அக்கா குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, திங்கள்

இன்று உறைந்தபோது திரை முழுக்க எழுத்து. வழக்கமாக அதை யாரும் படிப்பதில்லை, பெட்டியை அணைத்துவிட்டுப் போடுவோம். நான் படித்தேன். பாதி எண்கள்தான். நடுவில் ஒரு பெயர் மட்டும் புரிந்தது. எண்ணும் கார்டுக்கு அக்கா எழுதிய டிரைவரில் ஹேண்ட்லர் என்ற பகுதியின் பெயர்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளும் படித்தாள். அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. பிறகு என்னைத் தாண்டிக் கையை நீட்டிப் பெட்டியை அணைத்துவிட்டாள்.

"லூஸ் காண்டாக்ட்," என்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே சொல்கிறாள்.

மார்ச் 11, புதன்

அக்கா எழுதிய புரோகிராம் கோடு பட்டறைக் கம்ப்யூட்டரில் எல்லாரும் திறக்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. நான் தினமும் அதைத்தான் பெட்டியில் ஏற்றுகிறேன், ஆனால் படித்ததில்லை. நேற்றும் இன்றும் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். புரிந்த வரை எழுதுகிறேன்.

கார்டுக்கு ஏதாவது ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு மணி அடிக்கும். இன்டரப்ட். அடித்ததும் எதைக் கூப்பிட வேண்டும் என்று டிரைவர் முன்கூட்டியே கர்னலிடம், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் நடத்தும் மூலப் புரோகிராமிடம், பதிந்து வைத்திருக்கும். அப்படிப் பதிந்து வைப்பதுதான் ஹேண்ட்லர். எங்கள் பெட்டியில் இரண்டு கார்டுக்கும் ஒரே மணி. அதனால் கம்பி அடித்தாலும் கர்னல் இரண்டு ஹேண்ட்லரையும் கூப்பிடும். எண்ணும் கார்டின் ஹேண்ட்லர் தன் மெமரியைப் பார்த்துவிட்டு, "என்னுடையது இல்லை" என்று திரும்பிவிடும்.

டிரைவரைக் கழற்றும்போது அக்கா முதலில் அந்த மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் ஹேண்ட்லரை நீக்குகிறாள். இரண்டு வரி. இடையில் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. அந்த நேரத்தில் யாராவது கம்பியைத் தொட்டால் கர்னல் இன்னும் பெயர் நீக்காத ஹேண்ட்லரைக் கூப்பிடும், அது இல்லாத மெமரியைத் தொடும், எல்லாம் செத்துப்போகும். மோட்டாருக்கு நில் என்று சொல்ல ஆள் இருக்காது.

காலிசெய்த வீட்டு வாசலில் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு வந்ததுபோல. வருகிறவன் கதவைத் தட்டத்தானே செய்வான்?

என் கை பதம்தான். என் கை ரொம்பப் பதம்.

மார்ச் 12, வியாழன்

பேசவில்லை. அக்காவும் நானும் கொடியிலிருந்து துணி எடுத்து ஒன்றாக மடித்தோம். போர்வையின் இரண்டு மூலை அவளிடம், இரண்டு மூலை என்னிடம்.

மார்ச் 13, வெள்ளி

பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்து அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாடிப்படியில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, மெமரிய விடுற வரி மேல இருக்கு. ஹேண்ட்லர எடுக்கிற வரி கீழ இருக்கு. மாத்தணும்."

"தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"திங்கக்கிழமையிலேருந்து."

"அப்ப ஏன் என்னை—"

"கத்தாத." நான் கத்தவே இல்லை. "இப்ப போய் என் தப்புன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பொண்ணுகிட்ட டிரைவர் வேலையக் கொடுத்ததே தப்புன்னு ஆயிடும். உன் மேல பழி விழுந்தா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. என் மேல விழுந்தா மறக்க மாட்டாங்க. பெட்டி போனப்புறம் சத்தமில்லாம திருத்திடுவேன்."

எவ்வளவு நியாயமாகப் பேசுகிறாள். அதுதான் இன்னும் எரிகிறது.

"அதுவரைக்கும் அம்மா கை?"

"அந்த நொடியில அம்மா கை அங்க இருக்கணும்னு என்னடி இருக்கு?"

ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் தள்ளுமுள்ளைச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது. அக்கா படியில் அப்படியே நின்றாள். கைப்பிடியைப் பிடித்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் மேலே ஏறிப் போய்விட்டாள்.

"உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவ நான்" என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

மார்ச் 14, சனி

அம்மாவிடம், புதுப் பெட்டி வந்தால் கொஞ்ச நாள் மடிக்கிற பக்கம் போய்விடு என்றேன்.

"பெத்தவ நானே நிக்கலன்னா வேற எவ நிப்பா?" என்றாள்.

அம்மா தள்ளிப் போனாலும் அந்த இடத்தில் வேறு யாரோ ஒருத்தி நிற்பாள். அவளுக்கும் கை இருக்கும். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சீ.

மார்ச் 16, திங்கள்

அக்கா கோட்டில் ஏதோ மாற்றினாள். "இனிமே உறையாது," என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எதனால் உறைந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

தட்டினேன். உண்மையிலேயே உறையவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். பெட்டிகளுக்கு வயர் மாட்டும் வயரிங் அண்ணன், ஏற்றிப்போக வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஏதோ சரியில்லை. பட்டனும் கம்பியும் ஒன்றாக விழும்போது உருளை உடனே நிற்கவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் கழித்து நின்றது.

கோட்டைத் திறந்து பார்த்தேன். கழற்றி முடியும்வரை மணியையே அடைத்து வைத்திருக்கிறாள். ஒரே மணி அல்லவா? எண்ணும் கார்டோடு சேர்ந்து கம்பிக் கார்டும் ஊமையாகிவிடுகிறது. உருளை ஒரு கையை உள்ளே இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"ஒட்டு பாப்பா," என்றார் சரிசரி.

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"என்ன?"

"நி... நிக்க லேட்டாகுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே?"

வயரிங் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் கம்பியத் தொடுறேன், நீ பட்டன அழுத்தும்மா." நாலைந்து முறை செய்தோம். "அட, ஆமா சார். இழுத்துக்கிட்டுத்தான் நிக்குது. கம்பியிலேருந்து மோட்டாருக்கு நேரா ஒரு வயர் போடலாம்னு அன்னைக்கே சொன்னேன். சரி சரின்னீங்க. போடல."

"சரி சரி, அதெல்லாம் அடுத்த பெட்டியில பாக்கலாம். அந்தச் சுருளக் கொடு பாப்பா, நானே ஒட்டுறேன்."

கையை நீட்டினார். பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். எழுந்திருக்கவில்லை.

"எந்திரிம்மா, என்ன இது சின்னப்புள்ள மாதிரி?"

"நான் ஏத்த மாட்டேன் சார்," என்றார் வயரிங் அண்ணன். "சோதிக்கிறவ வேணாங்கிறா. நாளைக்கு ஒருத்தி விரல் போச்சுன்னா வண்டி ஓட்டினவனையும்தான் கேப்பாங்க." போய் வண்டியை அணைத்துவிட்டார்.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் செருப்பை மட்டும் பார்த்தேன். அது நகரவே இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

இன்று அக்கா எனக்குச் சாப்பாட்டு டப்பா கட்டவில்லை. நானே கட்டிக்கொண்டேன். எனக்குக் கட்டத் தெரியாதா என்ன?

மார்ச் 18, புதன்

மணியை அடைப்பதை எடுத்துவிட்டாள். நான் சொன்னபடி இரண்டு வரியையும் மாற்றிவிட்டாள். வெற்றி என்று நினைத்துக்கொண்டு தட்டினேன். பெட்டி நின்றுவிட்டது. இந்த முறை திரையில் ஒரு எழுத்தும் இல்லை. சும்மா, வாயை மூடிக்கொண்டு நின்றது.

அக்கா ரொம்ப நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். ஹேண்ட்லரை நீக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியட்டும் என்று கர்னல் காத்திருக்குமாம். ஆனால் அவள் ஒரு பூட்டை, ஒரே நேரத்தில் இரண்டு வேலை மெமரியைத் தொடாமல் காக்கும் பூட்டை, கையில் பிடித்துக்கொண்டே நீக்கச் சொல்லியிருக்கிறாள். ஹேண்ட்லருக்கு முடிக்க அந்தப் பூட்டு வேண்டும். அது இவள் விடட்டும் என்று நிற்கிறது, இவள் அது முடியட்டும் என்று நிற்கிறாள்.

எங்க வீடு மாதிரியே, என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளோடு சேர்ந்து சிரிக்க நான் இன்னும் தயாரில்லை.

இரண்டு வரியை மாற்றினால் போதும் என்று படிக்கட்டில் பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேனே. போதவில்லை.

மார்ச் 20, வெள்ளி

காலையில் அக்கா என் நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டாள். "தட்டு," என்றாள். "எப்பவும்போல தட்டு. மெதுவா வேணாம்."

அவள் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள். நான் தட்ட, உறைய, அவள் திருத்த, நான் தட்ட. அப்படியே பகல் போயிற்று. சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

பூட்டை விட்ட பிறகும் எப்போதாவது ஒருமுறை செத்தது. எனக்குக் காரணம் தெரியவே இல்லை. அக்கா கண்டுபிடித்தாள். "ச்சே, தள்ளிவெச்ச வேலை." ஹேண்ட்லர் அவசரமாக ஓடும் என்பதால், கொஞ்சம் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டுப் போகுமாம். ஹேண்ட்லரை நீக்கினாலும் அந்த வேலை எங்கோ வரிசையில் நின்றுகொண்டிருக்கும். மெமரி போன பிறகு எழுந்து வந்து அதைத் தேடும்.

இப்போது இப்படி. முதலில் எண்ணும் கார்டிடம் மட்டும் இனி மணி அடிக்காதே என்று சொல்வது. கம்பிக் கார்டை யாரும் தொடுவதில்லை. பிறகு, கையில் எந்தப் பூட்டும் இல்லாமல், தன் ஹேண்ட்லரை நீக்குவது. பிறகு தள்ளிவைத்த வேலையை ரத்துசெய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பது. மெமரியைக் கடைசியில்தான் விடுவது. ஏற்றும்போது இதற்கு நேர் எதிர். மெமரி, பூட்டு எல்லாம் தயாரான பிறகு கடைசியில்தான் ஹேண்ட்லரைப் பதிவது. பதிந்த நொடியே யாராவது கம்பியைத் தொடலாம். அதையும் அவள் முன்பு தலைகீழாகத்தான் வைத்திருந்தாள். அதுவரை யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஒருமுறைகூட உறையவில்லை. தொட்டால் நின்றது, உடனே. என் இடது உள்ளங்கை சிவந்துவிட்டது. அக்கா அதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். அதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மார்ச் 23, திங்கள்

வயரிங் அண்ணன் யாரையும் கேட்காமல் கம்பியிலிருந்து மோட்டாருக்கு நேராக ஒரு வயர் போட்டுவிட்டார். சரிசரி கேட்டதற்கு, "நீங்கதான் அன்னைக்கு சரி சரின்னீங்களே சார்" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

ஸ்டிக்கர் ஒட்டினேன். பெட்டி போயிற்று. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் கை சரிதான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. போகிற வருகிறவர்கள் இன்னும், "மெதுவா தட்டு பாப்பா, உடைச்சிடப் போற" என்கிறார்கள். ரெண்டு நாள்ல மறந்துடுவாங்கன்னாளே?

ஏப்ரல் 2, வியாழன்

இன்று லாண்டரிக்குப் போனோம், சரிசரி, அக்கா, நான். பெட்டியை மாட்டி ஒரு வாரமாக ஓடுகிறது. முதல் முறையாக ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அக்காதான் கேட்டாளாம்.

உள்ளே ஒரே ஆவி. அம்மா சொன்னது போலத்தான், இவள் விலக அவள் நுழைய. அம்மாவின் விரல் கம்பியில் பட்டுக்கொண்டே இருந்தது, பட்ட போதெல்லாம் உருளை நின்றது, அம்மா அதைக் கவனிக்கக்கூட இல்லை, பக்கத்தில் இருந்தவளிடம் யாருடைய மருமகளையோ பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா பட்டனை அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். அவள் கழுத்தில் வியர்வை. சூட்டினால் மட்டும் இல்லை.

மேனேஜர் வந்தார். "நல்லாத்தான் ஓடுது. ஏன் சார் இவ்ளோ லேட் பண்ணீங்க?"

"அது ஒண்ணுமில்ல," என்றார் சரிசரி, என் தலையைத் தட்டி. "இந்தப் பாப்பாக்குக் கை பதமில்ல. சோதிக்கிறேன்னு போட்டு அடிச்சு..."

"இல்ல சார்," என்றாள் அக்கா.

உருளைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அக்கா கிட்டே போய் மறுபடி சொன்னாள், கொஞ்சம் உரக்க. "இல்ல சார். இவ கை சரியாத்தான் இருந்துச்சு. தப்பு என் கோட்ல. ஹேண்ட்லர எடுக்கிறதுக்கு முன்னாடியே நான் மெமரிய விட்டுட்டேன். தெரிஞ்சப்புறமும் சொல்லல."

மேனேஜர் சரிசரியைப் பார்த்தார். சரிசரி கூரையைப் பார்த்தார். "என்னவோ, இப்ப ஓடுதுல்ல?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார். அம்மா, "என்னடி விட்டுட்ட?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, நீ வேலையப் பாரு" என்றாள் அக்கா. அந்தக் கூடத்தில் அவள் சொன்னது புரிந்தவள் நான் ஒருத்திதான். சரிசரிக்குப் பாதி புரிந்திருக்கலாம். வெளியே வந்து வண்டியில் ஏறும்வரை அவர் சரி சரி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எங்களை ஏறச் சொல்லவும் இல்லை.

நாளைக்குப் பட்டறையில் என்ன நடக்குமோ தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

பஸ்ஸில் திரும்பினோம். அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பின்னால் ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோவம் போயிடுச்சா?" என்றாள்.

"இல்ல."

"சரி," என்று பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.